யார் கேட்டு எழுதியது?

குடியானவனை எதிரே நிறுத்தி, "ஊரைவிட்டு ஏன் போகிறாய்?" என்று கேட்டு, அவன் சொன்ன பதிலைத் தாளில் ஏற்றிவைத்த அரசாங்கம் சரித்திரத்தில் அபூர்வம். 1774 ஏப்ரலில், பிரிட்டனின் வடகோடியான ஷெட்லாந்துத் தீவில், லெர்விக் சுங்கச்சாவடியில் அது நடந்தது. ஸ்காட்லாந்தின் கெய்த்னெஸ், சதர்லாந்து பகுதிகளிலிருந்து வட கரோலினாவுக்குக் குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு முந்தைய ஆண்டு கிளம்பிய 'பேச்சிலர்' என்ற கப்பல் புயலில் அடிபட்டு அந்தத் தீவில் ஒதுங்கிக் கிடந்தது. சுங்க அதிகாரிகள் குடும்பத் தலைவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார்கள். பெயர், வயது, தொழில், பிள்ளைகள், கடைசியாகக் குடியிருந்த ஊர், போகிற இடம், போகிற காரணம்.

அவர்களில் ஒருவர் வில்லியம் கார்டன், விவசாயி. வயது அறுபதுக்கு மேல். சதர்லாந்தில் கிளைன் வட்டாரத்துக்காரர். பிள்ளைகள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பமும் கூட வருகிறது. முன்னமே கரோலினாவுக்குப் போய்விட்ட மகன்கள் வரச்சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார்கள். இங்கே குத்தகை ஏறிவிட்டது, மாடுகள் செத்துவிட்டன. கடைசியாக அவர் சொன்னதையும் எழுத்தர் விடாமல் எழுதியிருக்கிறார்: தனக்கு வயதாகிவிட்டது, காலும் ஊனம், எந்த நாட்டில் சாவதும் தனக்கு ஒன்றுதான், பிள்ளைகள் பிழைக்கட்டும் என்றுதான் கிளம்பியது. மற்றவர்கள் சொன்ன காரணங்களும் இதே தினுசு. குத்தகை இரட்டித்தது. பண்ணைக்காரருக்குக் கூலியில்லாமல் செய்யவேண்டிய அமஞ்சி வேலை தாங்கவில்லை. தானியத்தையெல்லாம் சாராயம் காய்ச்சப் போட்டுவிடுவதால் ரொட்டி விலை ஏறிவிட்டது.

அரசாங்கத்துக்கு இவர்கள்மேல் கருணை பொங்கிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஆட்கள் இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் நிலத்தை உழ யார், பட்டாளத்தில் சேர யார் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் 1773 டிசம்பரில் கருவூலம் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஆணை அனுப்பியது: நாட்டைவிட்டுப் போகிறவர்களைப் பட்டியல் போடுங்கள், காரணத்தையும் கேளுங்கள் என்று. 'பேச்சிலர்' அந்த ஆணைக்கு முன்பே கிளம்பிய கப்பல். புயல் அடிக்காமல் இருந்திருந்தால் அந்த மனிதர்களிடம் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கப்பல் கரோலினா போய்ச் சேரவும் இல்லை. பயணம் கெட்டதால் பதிவு கிடைத்தது. ஸ்காட்லாந்திலிருந்து குடிபெயர்ந்தவர்களின் வம்சத்தைத் தேடுகிற எவரும் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் இது: தாத்தாவின் தாத்தா யாருடைய தொல்லையிலும் மாட்டிக்கொள்ளாமல் நிம்மதியாக வாழ்ந்து செத்திருந்தால், அவரைப்பற்றி அநேகமாக ஒரு வரியும் கிடைக்காது.

கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா என்று எங்கும் இப்படித் தேடுகிறவர்கள் ஏராளம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செவிலியர்கள், அப்பா செத்தபின் அலமாரியில் ஒரு பழைய பைபிளைக் கண்டெடுத்தவர்கள். பைபிளின் முதல் பக்கத்தில் பிறப்பு, இறப்புத் தேதிகள் வரிசையாக இருக்கும், ஊர்ப்பெயர் இருக்காது. ஏனென்றால் எழுதியவருக்கு ஊர் தெரியும். கப்பல் பட்டியலில் பார்க்கலாம் என்று போனால், கியூபெக்கில் வந்து இறங்கியவர்களுக்கு 1865-க்கு முன் ஒழுங்கான பெயர்ப் பட்டியலே இல்லை. பிரிட்டிஷ் ராஜ்யத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வருகிறவனை யார் எண்ணப்போகிறார்கள்? ஆனால் நியூ சவுத் வேல்ஸில் அரசாங்க உதவியில் வந்து இறங்கியவர்களின் பட்டியலைப் பாருங்கள்: பிறந்த ஊர், பெற்றோர் பெயர், மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, எல்லாம் இருக்கும். அங்கே பயணச்செலவு காலனியின் கஜானாவிலிருந்து போனது. காசு கொடுத்தவன் கணக்குக் கேட்டான். ஒரே ஆண்டில் ஸ்கை தீவிலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பியில் கியூபெக் போனவன் காணாமல் போவதும், சிட்னி போனவன் அம்மா பேரோடு கிடைப்பதும் இதனால்தான்.

கடலைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குள் வந்துவிட்டால், 1855-க்கு முன்னால் கதி சபைப் பதிவேடுகள்தான். ஏறக்குறைய தொள்ளாயிரம் பங்குகள். ஆகப் பழையது பெர்த்ஷயரின் எரோல் ஊரில் 1553-இல் தொடங்குகிறது. அவற்றில் பிறப்பு இருக்காது, ஞானஸ்நானம் இருக்கும். கல்யாணத்தைவிட, அதை முன்கூட்டி அறிவித்துக் கோயிலில் ஓலை வாசித்ததற்குத்தான் பதிவு அதிகம்; ஓலை வாசிக்கக் கட்டணம் உண்டே. சாவு பல ஊர்களில் எழுதப்படவே இல்லை. ஆனால் சவப்பெட்டிமேல் போர்த்துகிற கறுப்பு வெல்வெட் துணியைச் சபை வாடகைக்கு விட்டது. அந்த வாடகை வரவு, ஏழைகளுக்கான நிதிக் கணக்கில் தேதியோடு இருக்கும். ஒரு மனிதர் இறந்த நாளைக் கண்டுபிடிக்க, அவர்மேல் போர்த்திய துணிக்கு யாரோ கொடுத்த சில்லறையைத் தேடவேண்டும். நல்ல துணிக்கு ஒரு விலை, நைந்த துணிக்கு ஒரு விலை என்று வைத்திருந்த சபைகளும் உண்டு. அங்கே குடும்பத்தின் கைவளமும் தெரிந்துவிடும்.

1783-இல் அரசாங்கம் இந்தப் பதிவுகள்மேலும் கைவைத்தது. ஒவ்வொரு ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கப் பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி. பரம ஏழைக்கு விலக்கு உண்டு. அதற்கும் கொஞ்சம் மேலே இருந்தவனோ குழந்தைக்குத் தண்ணீர் தெளித்ததோடு வீட்டுக்குப் போய்விட்டான். 1794-இல் வரியை எடுத்தார்கள். அந்தப் பதினோரு ஆண்டுகளில் பிறந்த எத்தனையோ பேருக்குத் தாளில் பிறப்பே இல்லை. 1843-இல் நாட்டுச் சபை பிளந்து, போதகர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறினார்கள். மலைநாட்டில் அநேகமாக ஜனம் முழுவதும் அவர்கள் பின்னால் போனது. பழைய கோயிலின் பதிவேடு மட்டும் காலியாகத் தொடர்கிறது.

இதற்கு நேர்மாறாக, பாவம் செய்தவர்களின் கணக்கு மிகவும் திருத்தம். ஒவ்வொரு பங்கிலும் போதகரும் மூப்பர்களும் கூடிய சபை, ஊரின் நடத்தையை விசாரித்தது. கல்யாணமாகாமல் வயிற்றில் பிள்ளை தாங்கிய பெண்ணை அழைப்பார்கள். தகப்பன் யார் என்று கேட்பார்கள், சொல்லாவிட்டால் மறுபடி அழைப்பார்கள். பிரசவ வலியின்போது மருத்துவச்சியை விட்டுக் கேட்கச்செய்ததும் உண்டு. பிறகு அவனை அழைத்து விசாரணை. ஒப்புக்கொண்டால் இருவரும் ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் பார்க்க, மனந்திரும்பும் முக்காலியில் ஏறி நிற்கவேண்டும், அபராதமும் கட்டவேண்டும். கல்யாணம் முடிந்து ஆறாம் மாதத்தில் பிள்ளை பெற்ற தம்பதியும் தப்பவில்லை, மூப்பர்கள் விரல்விட்டு எண்ணினார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பேர் இல்லாமல் நிற்கிற ஒரு குழந்தைக்கு, விசாரணைக் குறிப்பில் தகப்பன் பேர், அவன் வேலைசெய்த பண்ணை, அவன் மறுத்த விதம், கடைசியில் ஒப்புக்கொண்ட நாள் எல்லாம் கிடைக்கும். ஒன்டாரியோவில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கிற கொள்ளுப்பேத்திக்கு அது பெரிய அதிர்ஷ்டம். ஊரார் முன்னால் நின்ற அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னால் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று நான் யோசிப்பதுண்டு.

சபை விட்ட இடத்தில் 1845-இன் ஏழைகள் சட்டம் பிடித்துக்கொண்டது. உதவி கேட்டு வருகிறவரை அதிகாரி வீட்டுக்கே போய் விசாரித்தார். எங்கே பிறந்தாய், பெற்றோர் யார், உடன்பிறந்தவர்கள் எங்கே, முன்பு எந்தெந்த வீட்டில் குடியிருந்தாய், பிள்ளைகள் எத்தனை, சம்பாதிக்கிற பிள்ளை எது. எந்தப் பங்கு செலவைச் சுமக்கவேண்டும் என்று முடிவுசெய்யத்தான் இத்தனை கேள்வியும். கிளாஸ்கோ நகரத்தின் இந்த விண்ணப்பங்கள் அங்கே மிட்செல் நூலகத்தில் இருக்கின்றன. கணவன் அமெரிக்கா போய்விட்டான், கடிதம் இல்லை என்று மனைவி சொன்ன பதிவுகள் அவற்றில் உண்டு. அவன் அங்கே இன்னொரு குடும்பம் தொடங்கியிருக்கலாம். அந்தக் குடும்பத்தின் வாரிசு இன்று 'எங்கள் பாட்டனார் தனியாளாகக் கப்பலேறி வந்து உழைத்து முன்னேறியவர்' என்று கர்வத்தோடு சொல்லிக்கொண்டிருக்கலாம். கிளாஸ்கோவின் தாள் வேறொன்று சொல்லும்.

1855 ஜனவரி முதல் தேதி அரசாங்கமே பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவை எடுத்துக்கொண்டது. அந்த முதல் ஆண்டின் படிவம் ஓர் அதிசயம். பிறப்பு என்றால் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், கல்யாணம் ஆன இடம், ஆண்டு, இதற்கு முன் பிறந்த பிள்ளைகளில் இருப்பது எத்தனை, போனது எத்தனை. இறப்பு என்றால் இன்னும் விரிவு: எங்கே பிறந்தார், இந்த வட்டாரத்தில் எத்தனை காலம் இருந்தார், பெற்றோர் பேர், துணையின் பேர், பிள்ளைகளின் பெயர்கள் வயதோடு, எங்கே புதைத்தார்கள். 1770-களில் பிறந்த ஒரு கிழவி 1855-இல் இறந்திருந்தால், எண்பது வருடக் குடும்பக் கதை ஒரே வரிசையில் கிடைக்கும். பதிவாளர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே படிவத்தைச் சுருக்கிவிட்டார்கள். தேடுகிறவர்கள் நடுவே தன் முன்னோர் 1855-இல் செத்திருக்கக் கூடாதா என்று வெளிப்படையாக ஆசைப்படுகிற வழக்கம் இருக்கிறது. அதில் அவர்கள் கூச்சப்படுவதும் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கு 1841 முதல் பெயரோடு கிடைக்கிறது. ஆனால் அந்த முதல் கணக்கில் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதினார்கள். முப்பத்துநான்கு வயதுக்காரர் முப்பது. பிறந்த ஊருக்குப் பதிலாக இதே மாவட்டமா இல்லையா என்பது மட்டும். மலைநாட்டில் பேசியது கேலிக் மொழி, எழுதியது ஆங்கிலம். ஓய்ரிக் என்ற பெண் ஒரு தாளில் எஃபி, அடுத்ததில் யூஃபீமியா, இன்னொன்றில் ஹென்ரியட்டா. டொர்மோட் என்பவர் நார்மன் ஆகிவிடுவார். மூன்று தாளையும் பார்த்தவர் ஒருவருக்கு மூன்று மனைவிகள் என்று மரம் வரைந்துவிடுவார். போதாக்குறைக்கு மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பேர் என்ற முறை நம்மூர் மாதிரியே அங்கும் உண்டு. ஒரு ஜான் மக்டொனால்டுக்கு நான்கு மகன்கள் என்றால், நான்கு வீட்டிலும் மூத்தவன் ஜான் மக்டொனால்டு. செத்துப்போன பிள்ளையின் பேரை அடுத்த பிள்ளைக்கு வைப்பதும் சகஜம். ஒரே ஒரு வசதி உண்டு: ஸ்காட்லாந்தில் கல்யாணமான பெண்ணின் பிறந்தவீட்டுப் பேர் அழிவதில்லை. சட்டப் பத்திரத்திலும் கல்லறைக் கல்லிலும் அந்தப் பேரே நிற்கும். இங்கிலாந்துப் பதிவுகளில் பெண்வழியைத் தேடித் தலையை உடைத்துக்கொண்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்த ஊர் மக்கள் தங்களை இனம்கண்டது வேறு விதம். இன்னாரின் மகன் இன்னார், அவர் இன்னாரின் மகன் என்று ஐந்தாறு தலைமுறையை ஒரே மூச்சில் சொல்கிற வழக்கம் கேலிக் பேசுவோரிடம் உண்டு. நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவில் அது இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. அதைக் கேட்டு எழுதிவைக்க எந்த அதிகாரியும் வரவில்லை. அதனால் ஒன்றும் வசூலாகாதே.

இதையெல்லாம் தேடப் பொறுமை இல்லாதவர்களுக்குக் குலச்சின்னமும் கட்டம்போட்ட துணியும் காத்திருக்கின்றன. பேரைச் சொன்னால் போதும், உங்கள் குலத்தலைவரின் கோட்டை இது, உங்கள் கட்டம் இது என்று கடைக்காரர் எடுத்துத் தருவார். இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்கிற ஏற்பாடு பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு; 1822-இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் நடத்திய வரவேற்புக் கூத்தில் சூடுபிடித்தது. குடியானவர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரரின் பேரைத் தாங்களும் வைத்துக்கொள்வது வழக்கம். சதர்லாந்தின் பிரபுக்களும் கார்டன்தான். லெர்விக்கில் விசாரிக்கப்பட்ட ஊனக்கால் கிழவரும் கார்டன்தான். அந்த ஒற்றுமையைக் கொண்டு ரத்த உறவு பேசமுடியாது.

யாரும் கேட்காமல் எழுதப்பட்டவையும் கொஞ்சம் இருக்கின்றன. 1845 மே மாதம் ராஸ்ஷயரின் கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து ஆட்டுப்பண்ணைக்காகத் துரத்தப்பட்ட குடும்பங்கள் க்ராய்க் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் கம்பளியைக் கூடாரமாகக் கட்டித் தங்கின. கோயில் சன்னலின் வைர வடிவக் கண்ணாடிகளில் அவர்கள் வெளிப்புறத்திலிருந்து கீறிய எழுத்து இன்றும் இருக்கிறது. எந்த ஊர் ஜனம், எந்த மாதம், இங்கே இருந்தார்கள் என்று. தங்களைப் பொல்லாத தலைமுறை என்று குறிப்பிடும் கீறலும் உண்டு. தங்கள் பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று நம்பினார்கள் போலும், போதகர்கள் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். எழுதியது ஆங்கிலத்தில். தங்களுக்குள் பேசிக்கொள்ளாத மொழியில் எழுதினார்கள் என்றால், வெளியார் படிக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று 'ஹெக்டர்' கப்பலின் பட்டியல். 1773-இல் லாக் ப்ரூமிலிருந்து கிளம்பி செப்டம்பர் 15 அன்று நோவா ஸ்கோஷியாவின் பிக்டோவில் சேர்ந்த கப்பல் அது. வழியில் அம்மையிலும் வயிற்றுக்கடுப்பிலும் பதினெட்டுப் பேர் போனார்கள், அநேகமாகக் குழந்தைகள். அந்தக் கப்பலுக்கு அன்று எழுதிய பெயர்ப் பட்டியல் கிடையாது. இன்று எல்லாரும் காட்டுவது, ஏறக்குறைய 1837-இல் பிக்டோ வட்டாரத்தில் வில்லியம் மெக்கென்சி என்பவர் பழைய ஆட்களின் ஞாபகத்தைக் கொண்டு தொகுத்தது. ஊரில் நிலைத்து, பிள்ளைகுட்டி பெருகி, பேர்சொல்ல ஆளிருந்த குடும்பங்கள் அதில் ஏறின. இறங்கிய கையோடு வேறு ஊருக்குப் போனவர்கள் ஞாபகத்திலிருந்தும் இறங்கிவிட்டார்கள்.

சபைக் கணக்கைவிட, பண்ணை முதலாளிகளின் கணக்கு கசப்பானது. சவுத் யூஸ்ட், பாரா தீவுகளின் சொந்தக்காரர் க்ளூனியின் ஜான் கார்டன், 1851-இல் ஆயிரத்து எழுநூறு பேர் அளவில் கியூபெக்குக்கு ஏற்றி அனுப்பினார். வராதவர்களைப் பிடித்து ஏற்றினார்கள் என்று சாட்சியங்கள் இருக்கின்றன. கிராஸ் ஐல் நோய்த்தடுப்பு நிலையத்தின் மருத்துவர், உடுக்கவும் படுக்கவும் இவ்வளவு இல்லாமல் வந்த கூட்டத்தைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று அறிக்கை எழுதினார். அந்தத் தீவுக்காரர்களின் வாரிசு, கார்டன் என்ற பெயரைத் தொடர்ந்து போனால் இன்னொரு பேரேட்டில் போய் நிற்பார். 1834-இல் அடிமைமுறை ஒழிந்தபோது அடிமைகளின் முதலாளிகளுக்கு பிரிட்டன் இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. டொபாகோ தோட்டங்களுக்காக வாங்கியவர்களில் இந்த கார்டனும் ஒருவர். விரட்டப்பட்ட தீவுக்காரருக்காவது ஒரு தாளில் இல்லாவிட்டால் இன்னொரு தாளில் பேர் இருக்கும். இழப்பீட்டுக் கணக்கிலோ முதலாளிக்குப் பேர், அடிமைகளுக்குத் தலை எண்ணிக்கை. துரத்தப்பட்டவர்கள் போய் இறங்கிய மண்ணும் காலியாக இருந்ததில்லை. ஸ்கையில் பிறந்த ஆங்கஸ் மக்மில்லனின் பேர் ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாண்டில் ஆதிக்குடிகளைக் கொன்ற கதைகளோடு சேர்ந்தே வருகிறது. வம்சம் தேடுகிறவர்கள் இந்தப் பக்கம் வந்ததும் வேகமாகப் புரட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கமும் ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்தார்கள். கின்கார்டின்ஷயரிலிருந்து 1852-இல் இலங்கை வந்து, 1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் அவர்களில் பேர்பெற்றவர். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவரைப் போன்ற துரைமார்களின் தோட்டத்தில் வேலைசெய்த தமிழர்கள், வேலைநாள் பதியும் செக்ரோல் புத்தகத்தில் இருந்தார்கள்; கங்காணிக்கு வைத்த கடனைச் சொல்லும் துண்டில் இருந்தார்கள்; மண்டபம் முகாமைத் தாண்டி வந்தபோது கழுத்தில் கட்டிய தகர டிக்கெட்டின் எண்ணில் இருந்தார்கள். கடன், வேலைநாள், வசூல். லெர்விக்கில் கேட்டதுபோல ஏன் வருகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பேரப்பிள்ளைகள் காலத்தில் கேட்டார்கள். 1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அப்பா இந்தத் தீவில் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றது. தானே தீவுக்கு வெளியே பிறந்தவரானால், அப்பா வழியில் இரண்டு தலைமுறைக்கு. தோட்ட லயத்தில் பிறந்த எத்தனை பேருக்குப் பதிவு இருந்தது? பல லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேரை இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீந்தவர்களின் கணக்கு 2003 வரை இழுத்தது. ஸ்காட்லாந்துக்காரரின் கனடாப் பேரனுக்கோ இதே அத்தாட்சித் தேடலில் ஒரு லாபம் உண்டு. காமன்வெல்த் குடிமகன் ஒருவர், தாத்தாவோ பாட்டியோ பிரிட்டனில் பிறந்ததற்குச் சான்றிதழ் காட்டினால், ஐந்தாண்டு அங்கே வாழவும் வேலைபார்க்கவும் விசா கிடைக்கும். சான்றிதழுக்கு எடின்பரோ பதிவகத்தில் சிறு கட்டணம் கட்டினால் போதும்.